உலாவி இணைப்புகள்: வணிகர் அறிய வேண்டியவை



புக்கிட் செலம்பாவிலும் சுங்கை பட்டாணியிலும் கடை நடத்தும் நம்மவர் பலர், இன்று வங்கிக் கணக்கையும் கொள்முதலையும் கணினியிலேயே கவனித்து வருகிறோம். ஆகவே குரோம், ஃபயர்பாக்ஸ் முதலிய உலாவிகளில் சேர்க்கப்படும் ‘எக்ஸ்டென்ஷன்’ என்னும் இணைப்புகளைப் பற்றி அறிந்திருத்தல் அவசியமாகும்.

இணைப்பு என்பது உலாவிக்குள் நாம் அமர்த்தும் சிப்பந்தி. விளம்பரத்தைத் தடுக்கும், மொழிபெயர்க்கும், விலையை ஒப்பிட்டுக் காட்டும். ஆனால், எல்லாத் தளங்களிலுமுள்ள விவரங்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்பவையும் உண்டு. சம்மதித்துவிட்டால் நம் வங்கிப் பக்கமும் அதற்குத் திறந்த வீடே.

இதில் பலவீனங்கள் மூன்று.

முதலாவது, வரும் வழி. ஃபயர்பாக்ஸின் சில இணைப்புகள் பாதுகாப்பற்ற வழியில் புதுப்பிப்புகளைப் பெறுவதை 2007-ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் சோகோயன் என்ற ஆய்வாளர் வெளிப்படுத்தினார். முத்திரையில்லாத மூட்டையை வழியில் மாற்றுவதுபோல், பொது வைஃபையில் காத்திருக்கும் கள்வன் தன் நிரலைப் புகுத்த இடமிருந்தது. 2008-இல் வந்த ஃபயர்பாக்ஸ் 3 இவ்வழியை அடைத்தது.

இரண்டாவது, கைமாறுதல். சுமார் 20 லட்சம் பேர் பயன்படுத்திய ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ 2020 ஜூனில் வேறு கைக்குப் போயிற்று. தீய நிரல் கொண்டதென்று 2021 பிப்ரவரியில் கூகிள் அதை நீக்கியது. பெயர்ப்பலகை மாறவில்லை, முதலாளி மாறிவிட்டார்!

மூன்றாவது, களவுபோன சாவி. 2024 டிசம்பர் 24 அன்று சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலுக்கு ஏமாந்தார். கள்வர்கள் அந்நிறுவனத்தின் பெயராலேயே தீய பதிப்பை வெளியிட்டனர். அதைப் பயன்படுத்தியோர் சுமார் 4 லட்சம் பேர். புதுப்பிப்பு தானாகவே இறங்கும். முன்பே முழு அனுமதி பெற்ற இணைப்பு மறுபடி நம்மைக் கேட்பதில்லை. நல்ல பெயர் மட்டும் காவலாகாது என்பதே இதன் பாடம்.

எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. உலாவியின் இணைப்புப் பட்டியலை மாதம் ஒருமுறை திறந்து, தேவையற்றதை நீக்குக.
2. விளம்பரத்திலோ வாட்ஸ்அப்பிலோ வந்த சுட்டியைத் தொட்டு எதையும் சேர்க்கலாகாது.
3. வங்கி வேலைக்கென இணைப்பே இல்லாத தனி உலாவியை வைத்துக்கொள்க.
4. கடைக் கணினியில் பணியாளரும் பிள்ளைகளும் கேளாமல் எதையும் சேர்க்காதபடி பார்த்துக்கொள்க.
5. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே வங்கிக்கும் 997 என்ற எண்ணுக்கும் தெரிவிக்குக.

நம் கணினியில் இருப்பது நம் பணம் மட்டுமன்று. வாடிக்கையாளரின் விவரமும் சரக்குக் கொடுத்தவரின் பாக்கியும் பணியாளரின் சம்பளமும் அதிலே இருக்கின்றன. அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அதைக் காப்பது முஸ்லிம் வணிகரின் கடமை. அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.