வண்டி நிற்கும் இடத்தில் மின்சாரம்

பினாங்குத் தீவின் தலைநகராகிய ஜார்ஜ்டவுனில் மின்சாரத்தால் வண்டி ஓடுவது இன்று நேற்று வந்த புதுமையன்று. 1906-ஆம் ஆண்டிலேயே அந்நகரின் தெருக்களில் மின் டிராம் வண்டிகள் தண்டவாளத்தின்மீது ஓடத் தொடங்கிவிட்டன. 1925-இல் தண்டவாளம் வேண்டாத டிராலி பேருந்துகள் வந்து சேர்ந்தன. 1936-இல் டிராம்கள் நின்றுபோயின; டிராலி பேருந்துகளோ 1961 வரை நீடித்தன. எழுபது வயதைக் கடந்த பினாங்கு வாசகர்களுள் சிலர், சிறு வயதில் அவற்றில் ஏறி அமர்ந்ததை இன்னும் நினைவில் வைத்திருக்கக்கூடும்.

டிராலி பேருந்துக்கு ரப்பர் டயர் உண்டு. பெட்ரோல் எஞ்சின் கிடையாது. அதன் கூரைமேல் இரண்டு நீண்ட கம்புகள் இருக்கும். அவை தெருவுக்கு மேலே கட்டப்பட்ட இரண்டு மின்கம்பிகளைத் தொட்டுக்கொண்டே செல்லும். கம்பு கம்பியை விட்டு விலகினால் பேருந்து நடுத்தெருவில் நின்றுவிடும். இன்றைய மின்காருக்கு அந்தத் தொல்லை இல்லை. தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தரைப்பலகையின் கீழ் உள்ள மின்கலத்தில் சேமித்து அது உடன் எடுத்துச் செல்கிறது. ஓடும்போது கம்பி வேண்டியதில்லை; ஆனால் நிற்கும்போது எங்கேனும் ஓரிடத்தில் கம்பி கட்டாயம் வேண்டும். அந்த இடம் எது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப்போகும் பொருள்.

அண்மையில் செபராங் பிறையில் நாம் நடத்திய விளக்கக் கூட்டம் ஒன்றில், பால்மரம் சீவும் தோழர் ஒருவர் எழுந்து வினவினார்: "ஐயா, என் மகன் பாயான் லெப்பாசில் வேலை செய்கிறான். மின்கார் வாங்கப்போவதாகச் சொல்கிறான். அவன் குடியிருப்பதோ அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. ஒன்பது மாடிக்கும் ஒயரைக் கீழே இறக்குவதா?" கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எனினும் மின்கார் பற்றி நம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் இதுவே மிகப் பொருத்தமான கேள்வி என்று நாம் கருதுகிறோம்.

விடை காணுமுன் மின்னேற்றம் நடைபெறும் விதத்தை அறிந்துகொள்ள வேண்டும். மின்கட்டணச் சீட்டில் காணும் 'யூனிட்' என்பது ஒரு கிலோவாட் மின்சாரத்தை ஒரு மணி நேரம் செலவிடுவதாகும். நடுத்தர மின்கார் ஒன்று நூறு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 15 யூனிட் செலவாகும். அதன் மின்கலம் 40 முதல் 60 யூனிட் வரை கொள்ளும். வீட்டுச் சுவரில் உள்ள மூன்று முனை பிளக்கின் வழியே மணிக்கு இரண்டு அல்லது மூன்று யூனிட்தான் ஏற்றலாம். சுவரில் தனியாகப் பொருத்தும் மின்னேற்றப் பெட்டி மணிக்கு 7 யூனிட் தரும். சில இடங்களில் 11, 22 கிலோவாட் பெட்டிகளும் உண்டு. இவை யாவும் 'ஏசி' எனப்படும் மாறுமின்னோட்ட வகையைச் சேர்ந்தவை. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் ஆளுயரத்துக்கு நிற்கும் பெரிய இயந்திரங்கள் 'டிசி' எனப்படும் நேர்மின்னோட்ட வகை. அவை 50 கிலோவாட்டில் தொடங்கி நூற்றுக்கு மேலும் செல்லும். அரைமணி அல்லது முக்கால் மணி நேரத்தில் மின்கலத்தின் பெரும்பகுதியை அவை நிரப்பிவிடும்.

பெரும்பகுதி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சீவிய மரத்தில் பால் முதலில் விரைந்து ஒழுகி, நேரம் செல்லச் செல்ல மங்கில் சொட்டுச் சொட்டாக விழுவதை நம் தோழர்கள் அன்றாடம் காண்கிறார்கள். மின்கலமும் ஏறத்தாழ அவ்வாறே நடந்துகொள்ளும். எண்பது விழுக்காடு வரை விறுவிறுவென ஏறும். அதற்குமேல் மின்கலம் கெடாமல் காக்கும் பொருட்டுக் காரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விரைவு நிலையத்தில் நூறு விழுக்காடு காட்டும் வரை காத்திருப்பது பணத்துக்கும் கேடு, பின்னால் நிற்பவருக்கும் இடையூறு.

இப்பொழுது கணக்கைப் பார்ப்போம். அந்தத் தோழரின் மகன் வேலைக்குப் போகவர நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 12 யூனிட் வேண்டும். தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்தில் 7 கிலோவாட் பெட்டி ஒன்று இருந்தால், இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். அவருடைய காரோ அங்கே எட்டு மணி நேரம் சும்மா நிற்கிறது! ஆகவே அவருக்கு விரைவு இயந்திரம் தேவையே இல்லை. நிறுத்துமிடத்தில் மெதுவான பெட்டி ஒன்று இருந்தாலே போதும். பெட்ரோலை நாம் தேடிச் செல்கிறோம். மின்சாரமோ கார் நிற்கும் இடத்துக்கு வரவல்லது.

பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் 1972-இல் தோன்றியது. 1985-இல் பினாங்குப் பாலமும், 2014-இல் பத்து காவானிலிருந்து செல்லும் 24 கிலோமீட்டர் நீள இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டபின், பெருநிலத்தில் வசித்துத் தீவில் வேலை செய்வோர் பல்கிவிட்டனர். ஒரு காலத்தில் தோட்டமாயிருந்த பத்து காவானே இன்று தொழிற்பேட்டையாகத் திகழ்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் நிறுவனத்தின் நிறுத்துமிடத்தில் மின்னேற்றப் பெட்டி வைப்பது பகட்டுக்காக அன்று. முற்றமுள்ள தரைவீட்டுக்காரர் தம் வீட்டிலேயே பெட்டியைப் பொருத்திக்கொள்வார். அடுக்குமாடியில் இருப்பவர், ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் ஐந்தடிக்குப் பின்னால் வாழ்பவர், தோட்ட லயத்தில் இருப்பவர் ஆகியோருக்கு முற்றமும் இல்லை, சொந்தச் சுவரும் இல்லை. வேலையிடத்து நிறுத்துமிடமோ பொது நிறுத்துமிடமோ ஒன்றே அவர்களுக்கு வாய்த்த மின்வாயில்.

'பத்துக் கார்கள் ஒரே நேரத்தில் மின்சாரம் இழுத்தால் தொழிற்சாலை தாங்குமா?' என்று நிர்வாகத்தினர் கேட்பது நியாயமே. பத்துப் பெட்டிகள் சேர்ந்தால் 70 கிலோவாட் ஆகும். தொழிற்சாலையின் மின்கட்டணத்தில் உச்ச அளவுக்கெனத் தனிக் கட்டணமும் உண்டு. ஆயினும் இதற்கு வழி இருக்கிறது. இருக்கும் மின்சாரத்தைக் கார்களுக்கிடையே தானாகவே பங்கிட்டு, ஒன்று நிரம்பியதும் மற்றதற்குக் கூட்டிக்கொடுக்கும் கருவிகள் உள்ளன. எட்டு மணி நேரம் கையில் இருக்கும்போது எவருக்கும் குறை வராது.

பொது நிறுத்துமிடங்களின் கதை வேறு. குர்னி பிளாசா, குயின்ஸ்பே மால் போன்ற பேரங்காடிகளின் நிறுத்துமிடங்களில் மின்னேற்ற இடங்கள் உள்ளன. நாடு முழுவதும் 2025-ஆம் ஆண்டு இறுதிக்குள் 10,000 பொது மின்னேற்ற முனைகள் என்பது அரசாங்கம் வகுத்த இலக்கு. அவற்றுள் 9,000 மெதுவானவை, 1,000 விரைவானவை என்பது திட்டம். அவ்வாண்டு முடிந்தபோது எண்ணிக்கை இலக்குக்கு வெகு கீழேயே நின்றது என்பதை மறைப்பதற்கில்லை. இருக்கும் இடங்களிலும் பெட்ரோல் கார்களை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மின்னேற்றம் முடிந்த பிறகும் காரை நகர்த்தாமல் படம் பார்க்கச் செல்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கெனச் சில நிலையங்கள் தாமதக் கட்டணம் விதிக்கின்றன. செம்புக்காகக் கம்பிகளை அறுத்துச் செல்லும் திருடர்களைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை.

கட்டணத்திலும் விழிப்பு வேண்டும். சில நிலையங்கள் யூனிட் கணக்கில் வாங்குகின்றன. சில நிமிடக் கணக்கில் வாங்குகின்றன. நிமிடக் கணக்கென்றால், மெதுவாக ஏற்கும் கார் வைத்திருப்பவர் அதே மின்சாரத்துக்குக் கூடுதலாகச் செலுத்த நேரிடும். விரைவு நிலையங்களில் ஒரு யூனிட் ஒரு ரிங்கிட்டைத் தாண்டுவது சாதாரணம். நிறுத்துமிடக் கட்டணம் பெரும்பாலும் தனி. ஆதலால் முனையைச் செருகுமுன் கைப்பேசியில் விலையைப் படித்துப் பார்த்தல் நலம். முதலாளி இலவசமாகத் தருகிறார் என்றால் அது எத்தனை காலத்துக்கு என்று கேட்டு வைத்துக்கொள்வதும் தவறன்று.

ஒன்பதாவது மாடிக் கேள்விக்கு இனி நேராகவே விடை சொல்லிவிடலாம். ஒயரை இறக்கக் கூடாது. மாடியிலிருந்து மட்டுமன்று, லயத்துச் சன்னல் வழியாகவும், ஐந்தடிக்குக் குறுக்கேயும் நீட்டிப்பு ஒயர் போட்டு மின்னேற்றக் கூடாது. சோறாக்கும் மின்பானை அரைமணியில் நின்றுவிடும். கார் பல மணி நேரம் இடைவிடாமல் முழு வேகத்தில் இழுக்கும். தளர்ந்த பிளக், சுருட்டி வைத்த ஒயர், மழைநீர் ஆகிய இவற்றில் எது சேர்ந்தாலும் ஒயர் சூடேறி உருகி, தீப்பிடிக்கவும் கூடும். பெட்டி பொருத்துவது தகுதிபெற்ற மின்பணியாளரின் வேலை. கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் விசையும், நிலத்தில் புதைக்கும் கம்பியும் கட்டாயம் வேண்டும். பொதுமக்களுக்கு மின்னேற்றம் விற்கும் நிலையங்கள் எரிசக்தி ஆணையத்தின் உரிமம் பெற வேண்டியவை. அந்தப் பொறுப்பு நிலையத்தை நடத்துபவருடையது.

கார் கார் என்றே இதுவரை எழுதிவிட்டோம். நம் வாசகர்களில் பெரும்பாலோர் ஓட்டுவது மோட்டார் சைக்கிள் என்பதை நாம் மறக்கவில்லை. 2023 அக்டோபரில் தாக்கலான 2024-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 120,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர்கள் மின்சார மோட்டார் சைக்கிள் வாங்க 2,400 ரிங்கிட் வரை கழிவு அறிவிக்கப்பட்டது. வண்டி வாங்க உதவி கிடைத்தாலும், அதை நிறுத்தும் இடத்தில் மின்சாரம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. நாம் பார்த்த தொழிற்சாலை ஒன்றில் வாயிலருகே, கூரையின் கீழ், பச்சை வண்ணம் பூசிய மின்னேற்ற இடங்கள் அழகாக அமைந்திருந்தன. அவை அதிகாரிகளின் கார்களுக்கு உரியவை. தொழிலாளரின் மோட்டார் சைக்கிள் கொட்டகையில் ஒரு விளக்கைத் தவிர வேறு மின்வசதி இல்லை.

மின்சார மோட்டார் சைக்கிளின் மின்கலம் பொதுவாக இரண்டு முதல் நான்கு யூனிட்தான் கொள்ளும். மின்னேற்றும்போது அது இழுப்பது சோறாக்கும் மின்பானையின் அளவே, ஏறத்தாழ 600 வாட். பத்து மோட்டார் சைக்கிள்களும் ஒன்றாகச் சேர்ந்தால் 6 கிலோவாட். வாயிலருகே உள்ள ஒரே ஒரு கார்ப் பெட்டி எடுப்பது 7. தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் பாதுகாப்புக் குழுவினரும் நிர்வாகத்தைச் சந்திக்கும்போது, இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம்.