டைனமோவைத் தெரிந்து தெளிதல்

திருக்குறளின் 51-ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்' என்பதாகும். அரசன் ஒருவனை வினைக்குரியவனாகத் தேர்ந்துகொள்ளுமுன், அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு திறத்தானும் அவனை ஆராய்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஆராயாது நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலும் ஆகிய இரண்டும் நீங்காத் துன்பம் தரும் என்றும் வள்ளுவர் கூறுவர். மக்களைக் குறித்த இம்முறை மக்கள் ஆக்கிய பொறிக்கும் பொருந்துமாற்றைப் பழைய மோட்டார் வண்டியின் டைனமோவைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்தினின்று ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இரவில் அவ்வழி இறங்கும் வண்டிக்கு விளக்கே கண்ணாகும். 45 வாட் முகப்பு விளக்குகள் இரண்டும் 12 வோல்ட் பாட்டரியினின்று ஏழரை ஆம்பியர் மின்சாரம் கொள்ளும். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் காயிலும் அம்மின்சாரத்தையே நம்பியுள்ளது. செலவாகும் மின்சாரத்தை டைனமோ ஈடுசெய்யாதாயின், முதற்கண் விளக்கு மங்கும். பின்னர் எஞ்சினும் நிற்கும். எனவே, கழற்றிப் பழுதுபார்த்த டைனமோவைச் சோதியாது பூட்டுவோன், அச்சோதனையை மலை வளைவில், இருளில், பிறர் உயிரைப் பணயமாக வைத்துச் செய்வோனாவான்.

காந்தத்தினிடையே கம்பிச்சுருள் அசைந்தால் மின்சாரம் தோன்றும் என்பதை மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்தார். டைனமோவின் இரும்பில் எஞ்சிநிற்கும் சிறிதளவு காந்தமே தொடக்கத்திற்குப் போதும் என்பதை வெர்னர் சீமென்ஸ் 1866-இல் கண்டார். அச்சிறு காந்தம் சிறு மின்சாரத்தைப் பிறப்பிக்க, அம்மின்சாரம் காந்தத்தை வளர்க்க, இரண்டும் ஒன்றையொன்று பெருக்கும். நெடுநாள் கழற்றி வைத்த டைனமோவில் இக்காந்தம் அழிந்திருத்தலும் கூடும்.

இனி, சோதனைகளும் நான்கே.

முதலாவது, கையாற் சோதித்தல். அச்சைச் சுழற்றிப் பார்க்குங்கால் உராய்வொலியோ, பேரிங்கில் ஆட்டமோ இருத்தலாகாது.

இரண்டாவது, கண்ணாற் சோதித்தல். கார்பன் பிரஷ்கள் தேய்ந்து குறுகாமலும், தம் கூட்டினுள் தடையின்றி நகர்வனவாயும் இருத்தல் வேண்டும். அவை படியும் கம்யூட்டேட்டர் எண்ணெயும் கரியும் நீங்கித் தூயதாயிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, டைனமோவை மோட்டாராக ஓட்டுதல். அதனை அசையாது இறுகப் பிடித்து, 'டி', 'எஃப்' என்னும் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து, பாட்டரியின் ஒரு முனையை அக்கம்பிக்கும் மற்றொன்றை டைனமோவின் உடலுக்கும் தருக. வண்டியில் பாட்டரியின் எம்முனை உடலொடு சேர்ந்துள்ளதோ அம்முனையையே இங்கும் உடலுக்குத் தருதல் வேண்டும். நல்ல டைனமோ தனக்குரிய திசையில் மெல்லச் சீராகச் சுழலும். அழிந்த காந்தமும் மீளும். இதனைச் சிறிது நேரமே செய்க. பாட்டரியினின்று எழும் வாயு தீப்பற்றுமாதலின், இறுதி இணைப்பைப் பாட்டரிக்கு அருகில் செய்யற்க.

நான்காவது, வண்டியிற் பொருத்தியபின், கட்டவுட்டுக்குச் செல்லும் கம்பிகளைச் சேர்க்குமுன் செய்வது. முன்போல் இரு முனைகளையும் இணைத்து, அவற்றிற்கும் உடலுக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்து, எஞ்சினின் வேகத்தை மெல்லக் கூட்டுக. முள் தடுமாறாது ஏறுமாயின் டைனமோ நன்று. 20 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடலாகாது. முள் அசையாவிடின் பிரஷ்களை நோக்குக. ஒரு வோல்ட்டளவில் நின்றால் பீல்டு காயிலையும், நான்கைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரையும் ஐயுறுக.

பழைய அம்பாசிடர் முதலியவற்றின் டைனமோவுக்கே இம்முறை உரியது. பிற்கால வண்டிகளில் அதன் இடத்தைப் பெற்ற ஆல்டர்னேட்டரை இங்ஙனம் சோதித்தல் அதற்குக் கேடாம்.

இந்நான்கிலும் தேறிய டைனமோவைப் பூட்டியபின்னும் விளக்கு மங்குமாயின், அதனை மீண்டும் கழற்றுதல் வீண் உழைப்பே. குற்றம் தளர்ந்த பெல்ட்டிலோ, கட்டவுட்டிலோ, துருப்பிடித்த இணைப்பிலோ உள்ளது என்று துணிந்து அங்கே தேடுக. தெளிந்ததன்கண் ஐயுறாமை என்று வள்ளுவர் வகுத்த நெறியின் பிற்பகுதி, பட்டறையிலும் பயன்படுவது இவ்வாறேயாம்.