மருந்தும் நஞ்சும்

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் ஒரு மரத்தால் வந்தது. பிச்சாவரத்து உப்பங்கழியில் அம்மரம் இன்றும் செழித்து வளர்கின்றது. அதன் பால் மேனியிற் பட்டால் கொப்புளம் எழும். கண்ணிற் பட்டால் பார்வை மங்கும். ஆயினும், நாட்டு மருத்துவத்தில் அதற்கும் இடம் உண்டு. நஞ்சே மருந்தும் ஆகுமாயின், இரண்டையும் பிரிக்கும் எல்லை எது? அளவே அவ்வெல்லை. அவ்வளவை அறிவது எங்ஙனம்?

பச்சிலை தீங்கு செய்யாது எனச் சிலர் கருதுவர். இது பிழை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிய மூலிகை மருந்துண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. அரிஸ்டோலோக்கியா என்னும் இனத்துச் செடி அம்மருந்திற் கலந்திருந்ததே காரணம். நம் நாட்டு ஆடுதின்னாப்பாளையும் அவ்வினத்ததே.

ஆதலின், புதிய மருந்து மனிதரை அடையுமுன் ஆய்வுக்கூடத்திற் சோதிக்கப்படுகின்றது. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் மூலிகைகள் பல இவ்வாறு ஆராயப்பட்டுள்ளன. இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, நீரிலோ எரிசாராயத்திலோ ஊறவைத்து வடித்து, அதன் சத்தைப் பிரிப்பர். உடலெடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் எனக் கணக்கிட்டு, மூன்று எலிகளுக்கு அதனை வாய்வழியே ஊட்டுவர். முதல் நான்கு மணி நேரம் கூர்ந்து நோக்குவர். பின்னர் 14 நாள் வரை நாள்தோறும் கவனிப்பர். நடுக்கம், வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு ஆகியன குறிக்கப்படும். இறுதியில் கல்லீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகளை ஆராய்வர். தீங்கு காணின் அளவைக் குறைப்பர். 2000 மில்லிகிராம் ஊட்டியும் தீங்கு இல்லையெனின், 28 நாள், 90 நாள் என நீண்ட சோதனைகள் தொடரும்.

வாயில்லா உயிரை இங்ஙனம் வருத்துதல் தகுமோ? கடலூர் மாவட்டத்து வடலூரில் 1867-ல் தருமச்சாலை நிறுவிய இராமலிங்க அடிகளார், எவ்வுயிர்க்கும் இரங்குதல் வேண்டும் என்றார். மூலிகைகளின் குணங்களை எழுதிவைத்தவரும் அவரே. மனிதர் நோய் தீர்தலும் வேண்டும். சிற்றுயிர் துன்பம் குறைதலும் வேண்டும். இவ்விரண்டையும் எண்ணியே விதிகள் அமைந்தன. 1960-ல் இயற்றப்பட்ட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் உள்ள விதிகளின்படி, அறநெறிக் குழுவின் இசைவின்றிச் சோதனை செய்தல் ஆகாது. முன்னர், எலிகளிற் பாதி இறக்கும் அளவு எதுவெனத் தேடும் முறை ஒன்று இருந்தது. 1927-ல் டிரெவன் என்பார் வகுத்த அம்முறையில் எலிகள் பல மாண்டன. அதற்குரிய பழைய வழிகாட்டு நெறி 2002-ல் உலக நாடுகளின் ஒரு கூட்டமைப்பால் நீக்கப்பட்டது. இன்று சில எலிகளே போதும். உயிரணுக்களை வளர்த்து அவற்றிலேயே சோதிக்கும் வழிகளையும் அறிஞர் தேடுகின்றனர்.

மாணவர்களே! மருந்து உண்ணும்போது, நமக்கு முன்னர் அதனை உண்ட சிற்றுயிர்களை மறத்தல் ஆகாது.