இருமல் மருந்து அட்டையும் எட்டாம் வகுப்பும்

மழைக்காலம் தொடங்கினால் எங்கள் உத்திரமேரூர் ஒன்றியப் பள்ளிகளில் புத்தகப் பையோடு இருமல் மருந்து பாட்டிலும் வரும். "டீச்சர், மதியம் ஒரு மூடி குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா நூறு நாள் வேலைக்கு ஓடுவார். இந்த மருந்து இந்தக் குழந்தைக்குத் தேவைதானா? 2025 அக்டோபருக்குப் பிறகு காஞ்சிபுரம் மாவட்ட ஆசிரியர்கள் இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதாகக் கண்டறியப்பட்ட 'கோல்ட்ரிஃப்' மருந்து, நம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 விழுக்காடுதான். நிறுவனத்தின் உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார்.

கலப்படத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். ஆசிரியருக்கு உறுத்த வேண்டிய செய்தி இன்னொன்று. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட அந்தக் குழந்தைகளுக்கு வந்தது சாதாரண சளி, இருமல், காய்ச்சல். அந்த மருந்திலிருந்த குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கூட்டை நான்கு வயதுக்குக் கீழே தரக்கூடாது என்ற எச்சரிக்கை ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. சளி மருந்துகளை இரண்டு வயதுக்குக் கீழே தரவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்ககம் 2025 அக்டோபர் 3 அன்று மீண்டும் நினைவூட்டியது. பயனுக்கு ஆதாரமில்லாத கூட்டு மருந்துகள் வேறும் உண்டு. 2024 ஆகஸ்டில் மட்டும் அப்படி 156 வகைகள் தடை செய்யப்பட்டன.

சளிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ஒரு வாரம், பத்து நாளில் உடல் தானே தேறிவிடும். பெயர் மட்டும் பாட்டிலுக்குப் போகும். மருத்துவரை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. மருந்து எழுதாமல், ஊசி போடாமல் அனுப்பும் டாக்டரிடம் நம் ஊரில் எத்தனை பேர் மறுபடி போகிறோம்?

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்தும்போது, வீட்டிலுள்ள காலி மருந்துப் பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லலாம். அட்டைப் பெட்டி மட்டும். பாட்டிலோ மாத்திரையோ வேண்டாம். மூலப்பொருள், தொகுதி எண், காலாவதி நாள், வயது எச்சரிக்கை ஆகியவற்றை மாணவர்கள் அட்டவணையாக எழுதட்டும். ஒரு கட்டத்தில் யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிப்பான்: காய்ச்சல் மருந்திலும் பாராசிட்டமால், சளி மருந்திலும் பாராசிட்டமால். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு கூடிவிடும். அது கல்லீரலைப் பாதிக்கும். இதை நாம் சொல்வதைவிடப் பிள்ளைகளே கூட்டிப் பார்ப்பது மேல். 5 மி.லி.க்கு எவ்வளவு மி.கி. என்பது நல்ல விகிதக் கணக்கும்கூட.

ஒன்றில் கவனம் தேவை. மருத்துவர் எழுதிய ஆஸ்துமா மருந்தையோ நிமோனியாவுக்கான மருந்தையோ நிறுத்தச் சொல்வது நம் வேலையன்று. ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தை அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 40 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

பையில் வரும் பாட்டிலுக்கு மருந்துச் சீட்டு கேளுங்கள். சீட்டில்லாவிட்டால் கொடுக்காமல் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், மருத்துவரிடம் கேட்க இரண்டு கேள்விகளைப் பெற்றோருக்குச் சொல்லித் தரலாம்: "இது எதுக்கு டாக்டர்? கொடுக்கலைன்னா என்ன ஆகும்?"