பறந்தது, ஆனால் படையில் சேரவில்லை

போர் ஹெலிகாப்டர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஷையான் பெயர் வராமல் போகாது. பறக்கவே லாயக்கில்லாத இயந்திரம் என்பார் ஒருவர். பொறாமையால் ஒழித்துக்கட்டினார்கள் என்பார் இன்னொருவர். நடந்தது இரண்டும் இல்லை.

அமெரிக்கத் தரைப்படைக்காக லாக்ஹீட் நிறுவனம் உருவாக்கிய ஏஎச்-56ஏ ஷையான், 1967 செப்டம்பர் 21 அன்று முதன்முதலாகப் பறந்தது. வாலில் வழக்கமான சிறு சுழலியோடு, பின்னாலிருந்து தள்ளும் விசிறி ஒன்றும் இருந்தது. வேகம் ஏற ஏற எடையில் பெரும்பங்கைப் பக்கச் சிறகுகள் தாங்கிக்கொள்ளும், என்ஜினின் சக்தி அந்தப் பின்விசிறிக்குப் போய்விடும். மணிக்கு 390 கிலோமீட்டர் வரை போனது. விமானி பின்னால், சற்று உயரத்தில் இருப்பார். சுடுபவர் முன்னால் அமர்ந்திருப்பார். அவர் கழுத்தைத் திருப்பித் தேடவேண்டியதில்லை, இருக்கையே முழுவட்டமாகச் சுழலும். வயிற்றடியில் இருந்த 30 மி.மீ. பீரங்கியும் அவர் பார்க்கும் பக்கம் திரும்பும். இப்படியொன்றை 1960களில் செய்து முடித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

நம்பிக்கை: வடிவமைப்பே தவறு, அதனால் கைவிட்டார்கள்.

உண்மை: கோளாறு இருந்தது, அது உயிரையும் வாங்கியது. சுழலி இரண்டு சுற்று முடிப்பதற்குள் ஒரு முறை மேலும் கீழும் துள்ளும் அதிர்வு அது. பொறியாளர்கள் அதை ‘ஹாஃப்-பி ஹாப்’ என்றார்கள். 1969 மார்ச் 12 அன்று கலிபோர்னியா கடற்கரைக்கு அருகே, இந்த அதிர்வையே ஆராயும் பறப்பின்போது சுழலி உடற்பகுதியில் அடித்து விமானி இறந்தார். இரண்டே மாதத்தில் 375 ஹெலிகாப்டர்களுக்கான உற்பத்தி ஒப்பந்தம் ரத்தானது. அதே ஆண்டு செப்டம்பரில் நாசாவின் காற்றுச் சுரங்கச் சோதனையில் இன்னொரு மாதிரி நொறுங்கியது. ஆனாலும் சோதனைகள் நிற்கவில்லை. சுழலியின் கட்டுப்பாட்டு அமைப்பை மாற்றியமைத்தார்கள். 1972இல் அந்த அதிர்வு அடங்கிவிட்டது. திட்டத்தை மூடியதும் அதே 1972இல்தான், ஆகஸ்ட் 9 அன்று! நோய் தீர்ந்த பிறகு வந்த சாவு இது. அப்படியிருக்க, நோயைக் காரணம் சொல்வது அந்தப் பொறியாளர்களுக்குச் செய்யும் அநீதி.

நம்பிக்கை: விமானப்படைதான் கொன்றது.

உண்மை: உரசல் இருந்தது. தரைப்படைக்கு வானிலிருந்து துணைநிற்பது தன் வேலை என்று விமானப்படை கருதியது, பின்னாளில் ஏ-10 ஆன விமானத்துக்கான திட்டத்தையும் தொடங்கியது. ஆயினும் ஆயுத ஹெலிகாப்டர்களை எதிர்ப்பதில்லை என்று 1966இலேயே இரு படைத் தலைவர்களும் உடன்பாடு செய்துகொண்டிருந்தார்கள்.

ஷையானை வீழ்த்தியதில் எகிறிய விலைக்கும் மாறிய போர்க்களத்துக்கும்தான் பெரும்பங்கு. அதிவேகமாக வந்து தாக்கிப் போவதற்காகச் செய்த இயந்திரம் அது. 1972இல் வியட்நாமில், ஒற்றை வீரர் தோளில் வைத்து ஏவும் ஸ்ட்ரெலா ஏவுகணைகள் வந்துவிட்டன. இனி மரங்களோடு மரமாகத் தாழப் பறந்து ஒளிந்தால்தான் பிழைக்கலாம், அங்கே வேகத்துக்கு வேலை குறைவு. அந்த மே மாதம் கோன்டும் நகரைச் சுற்றி நடந்த சண்டையில் டோ ஏவுகணையால் டாங்கிகளை உடைத்தவை எவை தெரியுமா? பழைய ஹியூயி ஹெலிகாப்டர்கள் இரண்டு! டாங்கியை அடிக்க 390 கிலோமீட்டர் வேகம் தேவையில்லை என்பதை அவை களத்திலேயே காட்டிவிட்டன.

நம்பிக்கை: ஷையானின் பிள்ளைதான் அப்பாச்சி.

உண்மை: ஷையானை மூடியபின் தரைப்படை புதிதாக ஒரு தேவைப் பட்டியல் போட்டது. இரண்டு என்ஜின், மிதமான வேகம், அடிபட்டாலும் தாங்கும் உடல். பெல் நிறுவனத்தின் மாதிரியோடு போட்டியிட்டு 1976இல் வென்ற ஒய்ஏஎச்-64தான் அப்பாச்சி ஆனது. ஷையானின் பின்விசிறியோ சுழலும் இருக்கையோ அதில் இல்லை.

வேகச் சாதனை படைத்தால் படை வாங்கிவிடும் என்பதும் பொய்தான். சிகோர்ஸ்கியின் எஸ்-67 மாதிரி 1970 டிசம்பரில் மணிக்கு 355 கிலோமீட்டர் தொட்டு உலகச் சாதனை படைத்தது. வாங்க ஆளில்லை.

தரைப்படை பின்னாளில் கைவிட்ட கொமான்சி ஹெலிகாப்டரைப் பற்றியும் ஒரு தவறான பேச்சு உண்டு. ரேடாருக்குத் தப்பும் தொழில்நுட்பம் பலிக்காததால் கைவிட்டார்கள் என்கிறார்கள். ஆர்ஏஎச்-66 கொமான்சி மாதிரிகள் இரண்டு பறந்தன, ஏறக்குறைய 700 கோடி டாலர் செலவானது. 2004 பிப்ரவரியில் அதை நிறுத்தியபோது தரைப்படை சொன்ன கணக்கு வேறு. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர்களை ஏவுகணையிலிருந்து காக்கவும், ஆளில்லா விமானங்கள் வாங்கவும் அந்தப் பணம் தேவைப்பட்டது.

ஷையானின் யோசனை செத்துவிட்டது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். விறைப்பான சுழலி, பின்னாலிருந்து தள்ளும் விசிறி என்ற அதே கூட்டணியோடு சிகோர்ஸ்கியின் எஸ்-97 ரெய்டர் 2015இல் பறந்தது. அதன் பெரிய வடிவமான ரெய்டர் எக்ஸ் அமெரிக்கத் தரைப்படையின் புதிய உளவு-தாக்குதல் ஹெலிகாப்டருக்கான போட்டியில் இறுதிச் சுற்றுவரை வந்தது. 2024 பிப்ரவரியில் அந்தப் போட்டியையே தரைப்படை ரத்து செய்தது. உக்ரைன் போரில் ட்ரோன்கள் செய்வதைப் பார்த்தபின் எடுத்த முடிவு அது. ரெய்டர் எக்ஸ் மாதிரி அப்போது தரையைவிட்டு எழும்பியிருக்கவில்லை.