தகரக் கூரைக்கு எந்த நிறம்?

தூத்துக்குடியில் உப்பளங்களையும் கடலையும் ஒட்டிய பகுதிகளில் தகரக் கூரைகள் பல உண்டு. சில பச்சை, நீலம், சிவப்பு என்று பளபளக்கின்றன. சில துருவேறிச் சல்லடையாகிவிட்டன. கூரைக்கு எனாமல் பெயின்ட் வாங்கும்போது பலரும் அழகைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அதன் கீழ் நண்பகலில் உட்கார்ந்து படிக்க முடியுமா, பூச்சு உப்புக்காற்றைத் தாங்குமா என்பவை அதைவிட முக்கியமான கேள்விகள்.

முதலில் வெப்பத்தைக் கவனிப்போம். தூத்துக்குடியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. வானம் தெளிவாக இருந்தால் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது அப்போது ஏறத்தாழ 1000 வாட் ஆற்றல் விழும். புதிய வெள்ளைப் பூச்சு இதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கையே உட்கவரும். கறுப்புப் பூச்சு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உட்கவரும். கரும்பச்சை, அடர்சிவப்பு ஆகியவை கறுப்பை நெருங்கி நிற்பவை.

பெயின்ட் அடிக்காத புதுத் தகரம் மின்னுகிறதே, அது குளிர்ச்சியாக இராதா? இராது. உட்கவர்ந்த வெப்பத்தைத் தகடு அகச்சிவப்புக் கதிர்களாக வெளிவிட வேண்டும். மின்னும் உலோகம் அதை மிகக் குறைவாகவே உமிழும்; சாதாரண எனாமல் பூச்சு எந்த நிறமாயினும் நன்றாக உமிழும். ஆகவே வெள்ளை பூசிய தகரமே குளிர்ந்திருக்கும்.

பெயின்டின் பளபளப்பு வெப்பத்தைத் தடுக்குமா? வழவழப்பான மேற்பரப்பு, செங்குத்தாக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கையே திருப்பியனுப்புகிறது. மீதியைச் சிதறடிப்பவை வெள்ளைப் பெயின்டிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு துகள்கள். பளபளப்பின் பயன் வேறு. வழவழப்பான பரப்பில் உப்பும் தூசியும் எளிதில் தங்கா, மழை கழுவிவிடும். புறஊதாக் கதிர்கள் பூச்சின் பிசினைச் சிதைத்ததும் பளபளப்பு மங்கும். தொட்டால் விரலில் மாவு ஒட்டும். மறுபூச்சுக்கு அதுவே அடையாளம்.

அடுத்து உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலுப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். இவ்வாறு தகட்டின்மேல் மெல்லிய மின்பகு கரைசல் படர்கிறது. இரும்பின்மேலுள்ள துத்தநாகம் தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கிறது. துத்தநாகம் தீர்ந்தால் துருதான். அந்தத் துத்தநாகத்தைக் காப்பதே பெயின்டின் வேலை.

எண்ணெய் எனாமலைப் புதுத் தகரத்தில் நேரடியாகப் பூசினால், எண்ணெயும் துத்தநாகமும் வினைபுரிந்து சோப்புப் போன்ற படலம் உண்டாகும், பூச்சு உரிந்துவிடும். எனவே நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, உலர்ந்தபின் துத்தநாகத்துக்குரிய பிரைமரைப் பூச வேண்டும். அதன்மேல் எனாமல் இரண்டு முறை. வெட்டு விளிம்புகளையும் போல்ட் தலைகளையும் மறக்கக்கூடாது. துரு அங்கேதான் தொடங்கும். அக்டோபர் மழைக்குமுன், பனி உலர்ந்த காலை வேளையே ஏற்றது. கொதிக்கும் தகட்டில் பூசினால் மேல்தோல் முதலில் காய்ந்து கொப்புளம் எழும்.

செய்து பாருங்கள்: ஒரே அளவுள்ள மூன்று அட்டைப் பெட்டிகளைத் தகரத் துண்டுகளால் மூடுங்கள். ஒன்று பூசாதது, ஒன்று வெள்ளை, ஒன்று கரும்பச்சை. ஒவ்வொன்றின் உள்ளேயும் வெப்பமானி வைத்து, அரைமணி வெயிலுக்குப்பின் அளவுகளைக் குறியுங்கள். வீட்டில் பெரியவர்கள் பெயின்ட் வாங்கப் புறப்படுமுன் அந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.