உத்திரமேரூர்: கணக்குக் காட்டாதவருக்குப் பதவி இல்லை என்ற ஊர்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரைக் குடவோலைத் தேர்தலுக்காக உலகம் அறியும். வியாபாரிகளாகிய நாம் அவ்வூரில் கற்க வேண்டிய பாடம் வேறொன்றும் உண்டு. அது கணக்குப் பாடம்.

வரலாறு

பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், பிரமதேயமாக ஏற்பட்ட ஊர் இது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், ஊர்ச்சபை இயற்றிய விதிகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். பதவிக்காலம் 360 நாள். நிலமும் கல்வியும் உடைய அந்தணர்க்கு மட்டுமே அதில் இடமிருந்தது என்பதையும் மறக்கலாகாது.

கணக்கு விதிகள்

வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடைதான். ஊர்க் கணக்கர் தாம் எழுதிய கணக்கைத் தாமே காட்ட வேண்டும். அதை முடிக்க வேறொரு கணக்கரை நுழைக்கக் கூடாது. பொருளிலும் மனத்திலும் தூய்மை உடையவராக இருக்க வேண்டும் என்பதும் ஒரு தகுதி.

பொன்னைக் கவனிக்கத் தனியாகப் பொன் வாரியம் இருந்தது. பொன்னின் மாற்றை எல்லோருக்கும் பாரபட்சமின்றி உரைத்துப் பார்க்க ஆட்களை நியமித்த செய்தி வேறொரு கல்வெட்டில் வருகிறது. மாற்றில் நம்பிக்கை போனால் கொடுக்கல் வாங்கலே நின்றுவிடும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

பொருளாதாரம்

இன்று இது தாலுகா தலைநகர், பேரூராட்சி. சுற்றுக் கிராமங்களின் விவசாயமே கடைத்தெருவுக்கு ஆதாரம். ஏரியில் நீர் இருந்தால் நெல். நெல் விற்றால்தான் மளிகைக் கடைப் பற்று தீரும். பல்லவர் கால வைரமேக தடாகத்தைக் கவனிக்க ஏரி வாரியம் இருந்தது. தூர் வாருவதற்கென்றே பொன் கொடுத்து வைத்தவர்களும் உண்டு. ஏரி அவர்களுக்கு ஊரின் முதல்.

காண வேண்டியவை

கல்வெட்டுள்ள வைகுண்டப் பெருமாள் கோயில், மூன்று நிலைகளில் பெருமாள் அருளும் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில், கைலாசநாதர் கோயில் ஆகியவற்றை ஒரே நாளில் பார்த்துவிடலாம். சென்னையிலிருந்து சுமார் 90 கி.மீ.

நமக்குப் பாடம்

கடைச் சிட்டையானாலும் சங்கக் கணக்கானாலும், எழுதியவரே விளக்கம் சொல்லட்டும். சங்கத்தில் பழைய கணக்கு முடியாமல் புதிய பொறுப்பு வேண்டாம். வேண்டியவர், உறவினர் என்ற தாட்சண்யமும் வேண்டாம். கல்லாவில் பணம் குறைந்தால் மறுநாள் சம்பாதிக்கலாம். கணக்கில் நம்பிக்கை குறைந்தால் மொத்த வியாபாரி சரக்கு அனுப்ப மாட்டார். உறுப்பினரும் சந்தா கட்ட மாட்டார்.